ஒயர்லெஸ் பாவாவும் என் இடது காதும்

திருத்தணியில் ஒயர்லெஸ் பாவா கை வைக்காத கம்ப்யூட்டர் ஒன்றுகூடக் கிடையாது. அவர் கை வைத்த பிறகு பழையபடி இருந்த கம்ப்யூட்டரும் ஒன்றுகூடக் கிடையாது. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், புகாராகவும் எடுத்துக்கொள்ளலாம். ஊர் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொண்டது. எனக்கு மட்டும் இன்றுவரை எந்தப் பக்கம் சேருவது என்று தெரியவில்லை. முடிவெடுக்கவும் தெம்பில்லை.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெலுங்கில் பாவா என்றால் அக்காள் புருஷன். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் சமையல் தமிழிலும் சண்டை தெலுங்கிலும் நடக்கும் என்பதால் அந்த வார்த்தை யாருக்கும் அந்நியமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவருடைய மச்சான். அந்தக் கடையின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பார். மச்சான் பாவா பாவா என்று கூப்பிட, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். ஏதோ விசாரணைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் முதல் நாள் "யோவ்" என்றார். மறுநாள் சொந்த லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "பாவா இருக்காரா" என்று கேட்டார்.

அவர் தொழில் இதுதான். கம்ப்யூட்டருக்குள் தீப்பெட்டி லேபிள் அளவில் ஒரு கார்டு இருக்கும். வைஃபை, ப்ளூடூத் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும், போகும். மிஷினுக்கு வயசாகும்போது அதற்கும் வயசாகும். சாப்ட்வேர்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். போனுக்கு வரும் அழைப்பைக் கம்ப்யூட்டரிலேயே எடுக்கலாம், போட்டோவை ஒயர் இல்லாமல் தள்ளிவிடலாம் என்று வருஷா வருஷம் எதையாவது காட்டி ஆசை மூட்டுவார்கள். பழைய கார்டு அதெல்லாம் தனக்குத் தெரியாது என்று உட்கார்ந்துவிடும். பாவா அதைக் கழற்றிப் புது கார்டை மாட்டுவார். தொழில் அவ்வளவுதான். ஆனால் அவருக்கு இருந்த வியாதி தொழிலைவிடப் பெரியது.

உலகத்தில் எந்த கம்ப்யூட்டருக்கு எந்தக் கோளாறு வந்தாலும் அதற்குக் காரணம் அந்த கார்டுதான் என்பது அவர் நம்பிக்கை. வக்கீல் ஒருவர் தன் கீபோர்டில் ஸ்பேஸ் பார் வேலை செய்யவில்லை என்று கொண்டுபோய்க் கொடுத்தார். பாவா கார்டை மாற்றிக் கொடுத்தார். ஸ்பேஸ் பார் அப்போதும் வேலை செய்யவில்லை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி இல்லாமல் ஒரு மனு கோர்ட்டுக்குப் போய், நீதிபதி அதை மூச்சு விடாமல் படிக்க வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள். ஆனால் வக்கீலின் போனில் இருந்த குடும்பப் படங்கள் அத்தனையும் ஒயர் இல்லாமல் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்திருந்தன. வக்கீல் சண்டைக்குப் போனபோது பாவா அந்தப் படங்களைத்தான் காட்டினார்.

இன்னொரு வியாதியும் உண்டு. அலுத்துக்கொள்வது. எந்த மிஷினைப் பார்த்தாலும், மலைக்கோயில் படிகள் அத்தனையையும் ஏறி முடித்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு, "அலுப்பா கீது சார்" என்பார். அதற்குள் கை ஸ்க்ரூவைக் கழற்றத் தொடங்கியிருக்கும். வேண்டாம் பாவா, அலுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்று சொன்னால் கோபம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரக்கோணம் வழியாகப் போகும் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போவார். அங்கே உடைந்த லேப்டாப்களை எடைக்குப் போடும் தெருவில் உட்கார்ந்து அவற்றின் வயிற்றிலிருந்து நல்ல கார்டுகளாகப் பொறுக்கி எடுத்து வருவார். ஈரம் படக்கூடாது என்று கோயில் விபூதிப் பொட்டலக் காகிதத்தில் ஒவ்வொன்றையும் மடித்து வைப்பார். ஒருமுறை அவர் வீட்டுக்கு வந்த சம்பந்தி, சாமி படத்துக்கு முன்னால் இருந்த பொட்டலத்தைப் பக்தியோடு பிரித்து நெற்றியில் பூசப் பார்த்தார். நெற்றியில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். பாவா ஓடி வந்து முதலில் கார்டைத்தான் பார்த்தார் என்று அவர் மனைவி இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

சில லேப்டாப்கள் வெளி கார்டை ஏற்றுக்கொள்ளாது. அனுமதியில்லாத கார்டு, கழற்று என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். அப்போது பாவாவைப் பார்க்க வேண்டும். வாங்கின வீட்டில் எந்தக் கட்டிலைப் போட வேண்டும் என்று கட்டின மேஸ்திரியா சொல்வது என்று அந்தத் திரையிடமே நியாயம் கேட்பார். பக்கத்தில் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க நிற்பவர்கள், வீட்டு விவகாரம் போலிருக்கிறது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர் புகழ் ஊரெங்கும் பரவியது ஒரு கல்யாணத்தில். மலையடிவாரத்தில் உள்ள மண்டபம் ஒன்றின் மேனேஜர், ஆபீசில் இருந்த பழைய கம்ப்யூட்டரைப் பாவாவிடம் ஒப்படைத்திருந்தார். பாவா கார்டை மாற்றி, மேனேஜருடைய போன் அழைப்புகள் கம்ப்யூட்டரிலேயே பேசும்படி செய்து கொடுத்தார். அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த கம்ப்யூட்டர் தன்னைச் சுற்றி ஒலிபெருக்கி ஏதாவது இருக்கிறதா என்று தானாகத் தேடிப் பிடித்துக்கொள்வதை அவர் நிறுத்தவில்லை. மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன.

அன்று நடந்தது நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் பத்திரிகை அடித்த கல்யாணம் என்பதால் நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிவிட்டார். கெட்டிமேளத்துக்குத் தவில்காரர் கையை ஓங்கிவிட்டார். அந்த ஒரு கண அமைதியில், சமையற்கட்டிலிருந்து சமையல்காரர் மேனேஜருக்குப் போன் செய்தார். மேனேஜர் ஆபீசில் கம்ப்யூட்டரிலேயே எடுத்தார். மண்டபம் முழுக்கக் குரல் வந்தது.

"சார், மாப்ள வூட்டு ஆளுங்க வந்துகினே கீறாங்க. சாம்பார் பத்தாது. ரசத்த எடுத்து அதுல ஊத்திடட்டா?"

சமையல்காரர் தன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மேனேஜரின் பதிலும் அதே தெளிவோடு திரும்பி வந்தது.

"ஊத்து. மொதல்ல பொண்ணு வூட்டுக்காரங்களுக்குப் போடு. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தாலி கட்டியாகிவிட்டது. ஆனால் அட்சதை போட வேண்டிய கைகளில் பாதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தன. அதுவரை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து மேனேஜர் அறையை நோக்கிப் போனார்கள். பாவா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கவலையின் நிழல்கூட இல்லை. ஸ்பீக்கரைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ஆபீசுக்கும் மேடைக்கும் நடுவில் எத்தனை சுவர், அத்தனையையும் தாண்டி எப்படி வருகிறது பாருங்கள் என்று என் காதருகில் சொன்னார். சமையல்காரர் சொன்னது எனக்கே கேட்டது என்றால் அந்தக் கார்டின் தரத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கே என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குள் என் காது மந்தமாகிவிட்டிருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காது கேட்காததில் ஒரு களைப்பு இருக்கிறது. அனுபவித்தவர்களுக்குத்தான் அது புரியும். ஒரு வாக்கியத்தில் பாதிதான் வந்து சேரும். மீதியை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதி முடிப்பதற்குள் எதிராளி அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். மற்றவர்கள் காதால் கேட்டதை நான் நெற்றியால் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் நெற்றி வலிக்கும். வீட்டுக்குப் போய் யாரும் என்னோடு பேசாமல் இருந்தால் போதும் என்றிருக்கும்.

என் வேலையோ கேட்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவன் நான். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், எல்லையைத் தாண்டி நகரி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆர்டர் வரும். இப்போதெல்லாம் யாரும் பெயர்களை எழுதித் தருவதில்லை. தாத்தா பாட்டி முதல் தாய்மாமன் வரை எல்லார் பெயரையும் குரலாகப் பதிவு செய்து பிரஸ்ஸின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். வாட்ஸ்அப் முதலாளியின் போனில் இருந்தது. அது என் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும். பின்னால் கட்டிங் மிஷின் ஓட, நான் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டு அடிப்பேன்.

இப்படிக் கேட்டு அடித்த ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை ரமணா, ரமணி ஆகிவிட்டார். சரி பார்க்க அனுப்பிய படத்தை அவர்கள் வீட்டிலும் யாரும் சரி பார்க்கவில்லை. சிரஞ்சீவி ரமணிக்கும் செல்வி லாவண்யாவுக்கும் திருமணம் என்று அச்சாகி, மஞ்சள் தடவி, பாதி ஊருக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் மாமா மீதிக் கட்டோடு வந்தார். கத்தவில்லை. கட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, எந்தப் பெண்ணை எந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று மட்டும் மரியாதையாகக் கேட்டார்.

எங்கள் முதலாளி என்னைவிட வயதில் இளையவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தியை மெதுவாகச் சொல்வார்கள், அதனால் அது இன்னும் கேட்காது. மூன்றாவது முறை சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

"அண்ணா, ஆடி முடியட்டும். ஆவணில ஆர்டர் குமிஞ்சிடும். ஒரு பொண்ணப் பாத்து வெச்சிகிறேன். நீங்க வூட்ல ரெஸ்ட் எடுங்க."

ஓசூரில் இருக்கும் என் மகள் அதற்குள் காதில் மாட்டும் கருவிகளை வாங்கி அனுப்பியிருந்தாள். எதிரில் உட்கார்ந்து பேசுபவர்களின் குரல் ஓரளவு கேட்டது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் கட்டிங் மிஷினும் சேர்ந்தால் எல்லாம் ஒரே இரைச்சல். கருவியின்மேல் ஹெட்போனை வைத்தால் குக்கர் மாதிரி விசிலடிக்கும். இந்தக் கருவி புது கம்ப்யூட்டர்களிலிருந்து குரலை நேராக வாங்கிக்கொள்ளும், ஒயரும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம் என்று விற்றவர்கள் சொன்னதாக மகள் போனில் சொன்னாள். என் கையில் இருந்தது பட்டன் போன். பிரஸ்ஸில் இருந்தது பழைய பெட்டி. அதை மாற்ற முதலாளி ஒத்துக்கொள்ளமாட்டார். எங்கள் எழுத்துருக்களும் பத்திரிகை மாடல்களும் அதில்தான் இருந்தன. முன்பு ஒரு தடவை புது மிஷின் இறக்கியபோது ழகரம் எல்லாம் கட்டங்களாக மாறிவிட்டன, கனிமொழி என்று ஒரு பெண் கட்டத்தோடு கல்யாணம் செய்துகொள்ள இருந்தாள்.

எனக்கும் போராட விருப்பமில்லை. ரெஸ்ட் என்ற வார்த்தை காதுக்கு இதமாகத்தான் இருந்தது. தெளிவாகக் கேட்ட வார்த்தைகள் அப்போது கொஞ்சம்தானே.

ஆடி பிறந்த சமயத்தில் ஏதோ ஜெராக்ஸுக்குப் போனேன். படிக்கட்டுக்கு அடியில் இருந்து பாவா என்னைப் பார்த்தார். என்னை என்று சொல்லக்கூடாது, என் காதைப் பார்த்தார். கையை நீட்டினார். நான் கருவியைக் கழற்றிக் கொடுத்தேன். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அதன் அடியில் இருந்த பொடி எழுத்துக்களைப் படித்தார். பெருமூச்சு வந்தது. அலுப்பா கீது என்றார். பிறகு கருவியை என் காதில் தானே மாட்டிவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொன்னார்.

"இது புது பாஷ பேசுது சார். உங்க பொட்டிக்கு அந்த பாஷ வராது. கத்துக் குடுத்துடலாம்."

மறுநாளே பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். முதலில், அந்தப் பெட்டியின் தகுதிக்கு மீறின ஒரு புது சாப்ட்வேரை அதில் ஏற்றினார். எழுத்துருக்கள் தப்பித்தன. செட்டிங்கில் போய்ப் பார்த்தால் காதுக் கருவிக்கென்றே ஒரு இடம் இருந்தது. ஆனால் சாம்பல் நிறத்தில் இருந்தது. அமுக்கினால் அசையவில்லை. அதுதான் கார்டு சார் என்று அவர் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்ன வியாதியும் மிஷினின் வியாதியும் ஒன்றாக இருந்தன. அந்தச் சந்தோஷம் அவரால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய், திரை நொறுங்கிய ஒரு புத்தம்புது லேப்டாப்பிலிருந்து கார்டைக் கழற்றி வந்தார். அதைப் பெரிய பெட்டிக்குள் மாட்ட ஒரு பலகை வேண்டும், அதையும் கொண்டு வந்தார். மாட்டினார். வைஃபை பறந்தது. முதலாளியின் முகம் மலர்ந்தது. ப்ளூடூத்தை மட்டும் காணோம். கார்டுக்குள் இருக்கிறது என்று பாவா சத்தியம் செய்தார். அப்படி ஒன்று தன்னிடம் இல்லவே இல்லை என்று கம்ப்யூட்டர் சாதித்தது.

அதன்பிறகு அவர் தினமும் வந்தார். கார்டைக் கழற்றி மாட்டினார். வேறு கார்டு போட்டார். சிக்னல் போதவில்லை என்று பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு ஆன்டெனாக்களை வெளியே எடுத்து மூங்கில் குச்சியில் கட்டிப் பெட்டியின் இருபக்கமும் நிறுத்தினார். ஆடிக் கிருத்திகை சமயம். தெருவில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. மஞ்சள் புடவை கட்டின ஒரு அம்மாள் பிரஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, என் கம்ப்யூட்டரை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. பிரஸ்ஸுக்கு வேலைக்கு வந்தீரா, குடித்தனம் வந்தீரா என்று பாவாவைக் கேட்டார். ஆவணி முதல் நாள் அந்தப் பெண் வேலைக்கு வருகிறாள், அதற்குள் மூடியையாவது மாட்டிவிட்டுப் போகும்படி சொன்னார்.

அன்று மத்தியானம் நான் பாவாவிடம் போதும் என்று சொன்னேன். எனக்கு வயசாகிவிட்டது, அந்தப் பெட்டிக்கும் வயசாகிவிட்டது, இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள், எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது என்றேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க அலுத்துக்காதீங்க சார். அலுத்துக்கறதுக்கு இங்க நான் ஒர்த்தன் கீறேன். போதும்."

சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். டிபன் கேரியரின் கொக்கி உடைந்து பல நாளாகிவிட்டதால் மூடியை ஒரு மெல்லிய ஒயரால் சுற்றிக் கட்டியிருப்பார். அதை அவிழ்த்தார். அவிழ்த்த கை அப்படியே நின்றது. ஒயரின் இரண்டு முனையிலும் குட்டிக் குட்டி பிளக்குகள் இருந்தன. கார்டுப் பலகையிலிருந்து மெயின் போர்டுக்குப் போக வேண்டிய ஒயர் அது. அது இல்லாமல் ப்ளூடூத்துக்கு உயிர் வராது. பலகையோடு வந்ததை, எதற்கும் உதவாது என்று நினைத்துத் தயிர்சோற்றுக்குக் காவல் வைத்திருந்திருக்கிறார்.

அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "இத்தினி நாளா நீ இங்கயா ஒளிஞ்சிகினு இருந்த" என்று ஒயரைத்தான் கோபித்துக்கொண்டார். அதைச் சட்டையில் துடைத்து மாட்டினார். ப்ளூடூத் வந்தது. சோறு காத்துக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்துவிடவில்லை. செட்டிங்கில் அந்த இடம் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. கார்டுக்கென்று ஒரு சாப்ட்வேர், குரலுக்கென்று ஒரு சாப்ட்வேர், இரண்டுக்கும் சண்டை வராமல் இருக்க ஒரு சாப்ட்வேர் என்று பாவா இறக்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. எனக்குக் கண் சொருகியது. எப்போது அந்தச் சாம்பல் நிறம் போனது என்று பார்க்கவில்லை. திடீரென்று என் இடது காதுக்குள் யாரோ சின்ன மணியைத் தட்டினார்கள்.

பாவா, வாட்ஸ்அப்பில் கேட்கப்படாமல் கிடந்த ஒரு குரல் பதிவைத் திறந்தார். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் வைத்திருக்கும் ஒருவர் அனுப்பியது. பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் தறிச் சத்தத்துக்குள் குரல் முங்கிப்போகும். இப்போது தறி தனியாக ஓடியது, அவர் தனியாகப் பேசினார். தறிக்கும் பின்னால் யாரோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பேரு சுகன்யா. அவ அக்கா கண்ணாலத்துக்கு சம்பந்தி பேர மாத்தி அடிச்சிட்டீங்க, எங்க மானம் போச்சி. இந்த தபாவாவது காத நல்லா வெச்சிக் கேட்டு அடிங்க."

எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு எழுத்துக்கூட விடாமல் எனக்குக் கேட்ட முதல் வாக்கியம் என்னைத் திட்டின வாக்கியம். நெற்றி சுருங்கவில்லை. எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. அத்தனை நாளும் அவற்றை உயர்த்தி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாவா பயந்துபோய், கேட்கிறதா என்று சைகையில் கேட்டார்.

"திட்றாரு பாவா."

"ஆங். அப்ப கரெக்டாதான் வேல செய்து" என்று அவர் சோற்றுக்குப் போனார்.

வலது காதில் மட்டும் கடைசிவரை வரவில்லை. பாவா அதற்கும் பல நாள் போராடிவிட்டு, ஒரு காது வேலைக்கு, ஒரு காது ஓய்வுக்கு, அரசாங்கத்திலேயே அப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆவணி முதல் நாள் முதலாளி உள் அறைக்குப் போய், தன் போனிலிருந்து ஒரு குரல் பதிவை அனுப்பினார். ரமணா, ரமணி, ரமணன், ரமணய்யா, வள்ளி, வல்லி, வேலு, வேணு என்று நாக்குக்கு வந்ததையெல்லாம் வேகமாகச் சொல்லியிருந்தார். நான் அடித்து அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். வெளியே வந்து, புதிதாக வந்திருந்த பெண்ணைக் கவுன்டரில் உட்காரச் சொன்னார். நான் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்றும் காலை வேளைகளில் அதில்தான் உட்கார்கிறேன்.

பாவாதான் அந்தப் படிக்கட்டின் அடியில் இல்லை. ரயில்வேயில் வேலை பார்க்கும் அவருடைய மகனுக்கு அரக்கோணத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம், இனி ரெஸ்ட் எடு நைனா என்று சொல்லி அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். பொறுப்பான பிள்ளை. வீட்டில் எல்லாம் புதுசு. டிவி புதுசு, போன் புதுசு, கம்ப்யூட்டர் புதுசு. எதிலும் கை வைக்க ஒன்றுமில்லை. இன்று மத்தியானம் ஜெராக்ஸ் கடை மச்சான் என்னிடம், பாவா இப்போது ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே கிளம்புவதில்லை என்று சொன்னார். அடுத்தவரின் ஜெராக்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பாவாவுக்குப் போன் செய்தேன். என்னை விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். பிறகு டிவியில் ஓடும் ஒரு சீரியலின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். மாமியார் நகையை ஒளித்து வைத்தது, மூத்த மருமகள் மீது பழி விழுந்தது, அவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனது வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். பட்டன் போன் போய்ப் புது போன் வந்துவிட்டதால் ஒவ்வொரு வார்த்தையும் நேராகக் காதுக்குள் துல்லியமாகக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன்.

அவர் மூச்சு விட்ட இடத்தில் நான் குறுக்கே புகுந்தேன். வீட்டில் மகள் கொடுத்த லேப்டாப் ஒன்று இருக்கிறது, சில நாளாக வைஃபை எடுப்பதே இல்லை, காதுக் கருவியோடும் சேரவில்லை, கடையில் காட்டினேன், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொல்கிறார்கள் என்றேன்.

அந்தப் பக்கத்தில் டிவி நின்றது.

"எவன் சொன்னான் தூக்கிப் போடச் சொல்லி? நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க சார். காலைல மொத வண்டிக்கு வர்றேன்."

போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வைஃபை முழுசாக எடுத்தது. காதில் மணி அடித்தது. இப்படி ஒரு குறையும் இல்லாத மிஷினை அவர் வந்து சேர்வதற்குள் எப்படிக் கெடுத்து வைப்பது என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம்.